நூல் அறுத்த தாள்கள்

டிசம்பர் 19, வெள்ளி

எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்கும் அளவுக்கு எனக்கும் ஒன்றும் நடந்துவிடவில்லை. வேலை முடிந்து பேருந்தில் வரும்போது, அன்று சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது பெருந்துறை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில். மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் எங்கள் நிறுவனம் அதை வாடகைக்குப் பிடித்திருக்கிறது. பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து, கணினியிலேயே திருத்த வைக்கும் வேலை. மணமேடையில் விடைத்தாள் மூட்டைகள். மணமகள் அறையில் ஸ்கேனர்கள். கீழே பந்தி போடும் கூடத்தில் சாப்பாட்டு மேஜைகளின் மேல் கணினிகள். கல்லூரிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள் அங்கே உட்கார்ந்து திருத்துகிறார்கள். வாசலில் கடைசியாகக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் தெர்மாகோல் பெயர்கள் இன்னும் தொங்குகின்றன.

ஒவ்வொரு விடைத்தாள் கட்டுக்கும் கணினியில் ஒரு ஃபோல்டர். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு ஃபோல்டர். கட்டில் இருக்கும் படங்களை அந்தந்த ஆசிரியரின் ஃபோல்டருக்குக் காப்பி செய்தால்தான் அவர்கள் திருத்த முடியும். இதுவரை எங்கள் சீனியர் நவநீதண்ணா மவுஸால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று ஒரு கட்டு இடம் மாறிப் போய்விட்டது. கோபியிலிருந்து வந்திருக்கும் மரகதம் மேடம் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ஏந்தம்பி, நான் எக்கனாமிக்ஸுங்க. எனக்கெதுக்கு பானிபட் போரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நவநீதண்ணா சிரிக்கவில்லை.

மாலையில் என்னிடம் வந்தார். "பிரவீணா, நீ காலேஜ்ல லினக்ஸ் படிச்சயல்ல? ஒரு ஸ்கிரிப்ட் போட்டுரு."

"சரிங்ணா" என்றேன்.

டிசம்பர் 20, சனி

ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் கட்டு எந்த ஆசிரியருக்கு என்று ஒரு கோப்பில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் அதை வரிவரியாகப் படித்து, கட்டின் ஃபோல்டருக்குள் போய், அங்கிருக்கும் படங்களை ஆசிரியரின் ஃபோல்டருக்குக் காப்பி செய்யும். பிறகு அடுத்த கட்டு. மவுஸால் அரை நாள் ஆகும் வேலை. இது ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. முதல் கட்டில் இரண்டு முறை ஓட்டிச் சரிபார்த்தேன்.

எங்கள் மேனேஜர் வையாபுரி சார் வந்து பார்த்தார். நவநீதண்ணா, "நான் ஒரு ஸ்கிரிப்ட் போட்டுட்டனுங்க சார். இனி கட்டு மாறாது" என்றார். 'நாங்கள்' என்று சொல்ல வந்து வாய் தவறியிருக்கும். சார் அவர் முதுகில் தட்டினார். நல்லவேளை, என்னைத் தட்டவில்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருப்பேன்.

டிசம்பர் 22, திங்கள்

இன்று மணமகள் அறையில் ஒரே கூச்சல். அதிகமாக எழுதும் பிள்ளைகள் அடிஷனல் ஷீட் வாங்கி, விடைப் புத்தகத்தோடு நூலால் கட்டிக் கொடுக்கிறார்கள். ஸ்கேன் செய்ய அந்த நூலை அறுக்க வேண்டும். புத்தகம் கெட்டித் தாள், அடிஷனல் ஷீட் சன்னத் தாள். இரண்டையும் சேர்த்து விட்டால் ஸ்கேனர் மென்று துப்புகிறது. முதல் நாட்களில் வந்தவை சின்னச் சின்ன விடைகள் எழுதும் பாடங்கள் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

முன்பக்கத்தைக் கிழித்து எடுத்துவிடுவார்கள், பிள்ளையின் பதிவெண் தெரியக்கூடாது என்பதற்காக. மற்ற எல்லாத் தாளிலும் பதிவெண்ணுக்குப் பதிலாகக் கொடுத்த டம்மி நம்பர்தான். அடிஷனல் ஷீட் எத்தனை என்று ஹாலில் எழுதுவதும் அந்த முன்பக்கத்தில்தான். அந்த எண்ணிக்கையும் அதோடு போய்விடும்.

டிசம்பர் 23, செவ்வாய்

அடிஷனல் ஷீட்டுக்கென்று தனியாக ஒரு ஸ்கேனர் வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது.

டிசம்பர் 24, புதன்

பல்கலைக்கழகத்திலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று காலையிலிருந்து பரபரப்பு. நான் ஸ்கிரிப்டை ஓட்டினேன். திரையில் சரசரவென்று வரிகள் ஓடின. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வரி. நான் படிக்கக் குனிந்தேன்.

"என்ன இது, இப்படி ஓடுது? அவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றார் நவநீதண்ணா.

"என்னன்னு பாக்கறனுங்ணா."

"அட, வெறும் வார்னிங் பிரவீணா. படம் போயிருக்குதல்ல? மேல வராத மாதிரி பண்ணீரு. சீக்கிரம், கார் வந்துருச்சு."

ஒரு வரி சேர்த்தால் போதும், கணினி சொல்லும் குறைகளெல்லாம் திரைக்கு வராமல் எங்கும் இல்லாத ஓர் இடத்துக்குப் போய்விடும். சேர்த்தேன். திரை சுத்தமாகிவிட்டது. அதிகாரிகள் பார்த்துவிட்டு, "ரொம்ப நீட்" என்றார்கள்.

இன்று அம்மா மஞ்சள் மண்டியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். கை, முகம், ரவிக்கை எல்லாம் மஞ்சள். "அம்முணி, இந்த வேல முடிஞ்சா உன்னைய நெரந்தரம் பண்ணீருவாங்களா?" என்று கேட்டாள். பண்ணுவார்கள் என்று வையாபுரி சார் சொல்லியிருக்கிறார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 26, வெள்ளி

டீ நேரத்தில் மரகதம் மேடம், "இந்த வருசம் பிள்ளைங்களுக்கெல்லாம் கை வலியாட்டருக்குது. நல்லா எழுதிட்டு வர்றான், திடீர்னு எந்திரிச்சுப் போயிர்றான்" என்றார். பக்கத்தில் இருந்த சார், "ஹால்ல ஃபேன் ஓடியிருக்காது மேடம்" என்றார். இன்னொருவர், "மார்கழில ஃபேனுங்களா?" என்றார். நானும் சிரித்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

இன்று நான் பேசியவை: சரிங்ணா. சரிங்க சார். போதுங்க மேடம். அங்க எறக்கி விடுங்க.

டிசம்பர் 31, புதன்

மரகதம் மேடம் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "கண்ணு, இங்க வா. இதப் பாரு."

திரையில் ஒரு விடைத்தாளின் கடைசிப் பக்கம். அழகான கையெழுத்து. கிராமப்புறக் கடன் பற்றிய கேள்வி. பக்கத்தின் அடிவரைக்கும் எழுதியிருந்தது. கடைசி வரி "இதனால் சிறு விவசாயிகள் மிகவும் பா" என்று நின்றது.

"பாதிக்கப்படுறாங்களா, பாதுகாக்கப்படுறாங்களா? அதச் சொல்லாமயே போயிட்டா பாரு. பாதி வார்த்தைல எவளாச்சும் பேனாவ வெப்பாளா? இன்னைக்கு மட்டும் இப்படி நாலு. மூணு கேள்விக்கு விடையே இல்ல, நான் என்னத்தப் போடறது? பெயில்தான்."

"பாக்கறனுங்க மேடம்" என்றேன்.

என் இடத்துக்கு வந்து அந்தக் கட்டின் ஃபோல்டரைத் திறந்தேன். படங்கள். அவற்றுக்குக் கீழே, அதற்குள்ளேயே இன்னொரு ஃபோல்டர் இருந்தது. பெயர், அடிஷனல். புது ஸ்கேனர் உண்டாக்கியது. அதற்குள் அதே அழகான கையெழுத்து: "திக்கப்படுகிறார்கள். இதற்குத் தீர்வாக" என்று ஆரம்பித்து ஏழெட்டுப் பக்கங்கள்.

மேடத்தின் ஃபோல்டரில் அவை இல்லை.

என் ஸ்கிரிப்ட் படங்களை மட்டும் எடுக்கும். உள்ளே ஒரு ஃபோல்டர் இருந்தால் அதைத் தொடாமல், விட்டுவிட்டேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும். அந்த வரியைத்தான் நான் வராமல் செய்திருக்கிறேன்.

ஜனவரி 1, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. வாசல் தெளித்தேன். தண்ணீர் வண்டி வந்தது, எட்டுக் குடம் பிடித்தேன். அம்மாவின் வேலைப் புடவைகளை ஊறவைத்துத் துவைத்தேன்; மஞ்சள் போகவில்லை. கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது. "எங்கியோ பாத்துட்டு எதையோ தேக்கற" என்றாள் அம்மா. மற்ற கட்டுகளில் சரியாக இருக்கலாம். ஒரு கட்டில் மட்டும் அப்படி ஆகியிருக்கலாம்.

ஜனவரி 2, வெள்ளி

ஒரு கட்டில் மட்டும் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, வேறோர் இடத்தில் சோதனைக்காக ஸ்கிரிப்டை ஓட்டினேன். திரை நிற்காமல் ஓடியது. விட்டுவிட்டேன், விட்டுவிட்டேன், விட்டுவிட்டேன். புது ஸ்கேனர் வந்த நாளிலிருந்து எல்லாக் கட்டும் அப்படித்தான். நிறைய எழுதிய பிள்ளைகளாகப் பார்த்துத் தேடிப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. குறைவாக எழுதியவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நவநீதண்ணாவை மாடிப்படி ஓரத்தில் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது: "யார்கிட்டயாச்சும் சொன்னயா?"

"இல்லீங்ணா."

"மரகதம் மேடத்துகிட்ட?"

"பாக்கறேன்னு மட்டுந்தான் சொன்னனுங்ணா."

மூச்சு விட்டார். "சரி. நீ ஒண்ணும் பயந்துக்காத. நானே சார்கிட்டப் பேசிக்கறேன். சொல்ற வெதத்துல சொல்லோணும். நீ பாட்டுக்கு இரு."

பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அவருக்குச் சொல்லத் தெரியும்.

ஜனவரி 5, திங்கள்

ஸ்கிரிப்டை யாரோ திருத்தியிருக்கிறார்கள். காப்பி கட்டளையோடு 'ஆர்' என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் உள்ளிருக்கும் ஃபோல்டர்களும் சேர்ந்து போகும், அது சேர்ந்திருக்கிறது. நவநீதண்ணாதான். ஆக, இன்று வந்த கட்டுகள் சரியாகப் போகும். முன்பு திருத்தி முடித்தவை முடித்தபடியே இருக்கின்றன.

"சார்கிட்டச் சொல்லீட்டீங்களாண்ணா?"

"சொல்றேன், சொல்றேன். அவரு இப்ப நல்ல மூட்ல இல்ல. மண்டபத்துக்காரரு தை மொத முகூர்த்தத்துக்குக் காலி பண்ணுங்கன்னு நிக்கறாரு."

"ரிசல்ட்டு அடுத்த திங்கக்கெழமைங்ணா."

"தெரியும். மார்க்கு பத்தாதவன் ரீவேல்யுவேஷன் போடுவான். அதுல வந்துரும். போடாதவனுக்கு அவ்வளவுதான் அக்கற."

ரீவேல்யுவேஷனிலும் இதே ஃபோல்டரில் இருக்கும் படங்களைத்தான் பார்ப்பார்கள். அவர் அதை யோசித்திருக்க மாட்டார். வேலை அப்படி.

என்னோடு படித்த வசந்தாமணிக்கு நான்காம் செமஸ்டரில் ஒரு பாடம் போயிற்று. ரீவேல்யுவேஷன் என்று ஒன்று இருப்பதே அவள் அப்பாவுக்குத் தெரியாது. "ஒனக்குப் படிப்பு ஏறுல" என்று சொல்லி ஸ்பின்னிங் மில் வண்டியில் ஏற்றிவிட்டார். நான் தேறிவிட்டதால் என் அப்பா எதுவும் சொல்லவில்லை. தேறாமல் போயிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை.

ஜனவரி 7, புதன்

திருத்தும் வேலை முடிந்துவிட்டது. ஆசிரியர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். மரகதம் மேடம் மட்டும் தலைமைத் திருத்தாளர் என்பதால் வெள்ளிக்கிழமை மறுபடி வர வேண்டுமாம். போகும்போது, "கண்ணு, அந்தக் கையெழுத்துக்காரி விசயம் என்னாச்சு?" என்றார். நவநீதண்ணா குறுக்கே வந்து, "பாத்துட்டோமுங்க மேடம், அந்தப் பிள்ள அவ்வளவுதான் எழுதியிருக்குது" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தாள்களெல்லாம் மூட்டை கட்டி லாரியில் போய்விட்டன. அடிஷனல் ஷீட்டுகளைத் தனியாகக் குப்பையாக அள்ளித்தான் மூட்டையில் திணித்தார்கள். நூலை அறுத்து ஒன்றாகக் கொட்டிய தாள்களைப் பிரித்து, அந்தந்தப் புத்தகத்தோடு திங்கட்கிழமைக்குள் சேர்க்க யாராலும் ஆகாது. கணினியில் இருக்கும் படங்கள்தான் மிச்சம்.

சாயங்காலம் நவநீதண்ணா வந்தார். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"பிரவீணா, அந்தக் கட்டுகளுக்குள்ள அடிஷனல்னு இருக்குதல்ல, பழசு. அதையெல்லாம் தூக்கீரு. டிஸ்க்ல எடமில்ல."

"சரிங்ணா" என்றேன்.

அவர் போன பிறகு பார்த்தேன். டிஸ்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அவசரத்தில் கவனித்திருக்க மாட்டார்.

நான் தூக்கவில்லை. இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் போய், அடிஷனல் ஃபோல்டர் இருந்தால் அதை, கட்டின் பெயரிலேயே ஒரு புது ஃபோல்டர் செய்து, கணினியில் தனியாக மாட்டும் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்வது. ஒவ்வொரு படமும் போய்ச் சேர்ந்ததா என்று மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. எதையும் மறைக்கவில்லை. திரையில் ஓடிய எல்லா வரியையும் உட்கார்ந்து படித்தேன். வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு கட்டில் இரண்டு படங்கள் போகவில்லை என்று வந்தது. திரும்ப ஓட்டினேன். போயின.

ஹார்ட் டிஸ்கை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அதன் இடத்திலேயே மாட்டினேன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் திருட்டு ஆகிவிடும்.

ஜனவரி 8, வியாழன்

வையாபுரி சாரின் அறைக்குப் போனேன். அது மணமகன் அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் நிற்பது தெரிந்தது. அவர் போனில் பேசி முடிக்கும்வரை நின்றேன்.

"என்னம்மா? லீவா?"

"இல்லீங்க சார். அடிஷனல் ஷீட்டு காப்பி ஆகுலீங்க."

இந்த ஒரு வரியைச் சொல்லப் பேருந்தில் பாதி வழி ஒத்திகை பார்த்திருந்தேன். மீதியை அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். முகம் மாறியது. நவநீதண்ணாவைக் கூப்பிட்டார்.

"என்னப்பா நவநீதா, ஸ்கிரிப்ட்டு நீ போட்டதுன்ன?"

"பிரவீணா போட்டதுங்க சார். நான் சூப்பர்வைஸ் பண்ணுனேன், அவ்வளவுதான்."

உண்மைதான். நான் போட்டதுதான். அதை இதற்கு முன்பும் யாராவது சொல்லியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

"அந்த ஃபோல்டருங்க இப்ப இருக்குதா?" என்று கேட்டார் சார்.

நவநீதண்ணா என்னைப் பார்த்தார். "இருக்குதுங்க சார்" என்றேன். அவர் பார்வையை எடுக்கவில்லை.

சார் நெற்றியைத் தேய்த்தார். "எத்தன பேரு?"

"முந்நூத்திச் சொச்சமுங்க."

"வந்ததுல இது ஒரு கையளவும்மா. இப்பப் போயி இத வெளிய சொன்னா அடுத்த செமஸ்டரு நமக்குக் குடுப்பாங்களா? இங்க இருக்கற அத்தன பேருக்கும் வேல போயிரும். உன்னையும் சேத்துத்தான் சொல்றேன். ரிசல்ட்டு வரட்டும், பொறவு பதமாப் பேசிக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கு யுனிவர்சிட்டிலருந்து தேர்வாணையர் மேடம் வர்றாங்க, திருத்தி முடிச்சாச்சுங்கற சான்றுல கையெழுத்துப் போட. நீ வர வேண்டாம். ஒடம்பு செரியில்லன்னு சொல்லிக்க. சம்பளம் புடிக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் நாளை லீவு என்றேன். "ஏங்கண்ணு?" என்றாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காச்சல் இல்லையே" என்றாள். கையில் மஞ்சள் வாசம். பிறகு, "எதுவா இருந்தாலும் சாப்ட்டுட்டு நெனை" என்று தட்டை நகர்த்தி வைத்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை நிற்காது. திங்கட்கிழமை ரிசல்ட் வராது. பொங்கல் கழித்துத்தான். மரகதம் மேடமும் இன்னும் சில ஆசிரியர்களும் நாளைக் காலை மறுபடி வருகிறார்கள். பந்தல்காரர்கள் வாசலில் மூங்கில் இறக்கிக்கொண்டிருப்பார்கள். மண்டபத்துக்காரர் சத்தம் போட்டுவிட்டு இரண்டு நாள் கொடுத்திருக்கிறார். அதுவரை நானும் இருக்க வேண்டும். அதன் பிறகு அடையாள அட்டையைக் கொடுத்துவிடும்படி வையாபுரி சார் சொன்னார். நவநீதண்ணா என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நடந்தது இப்படி.

நான் போனேன். சேலையில் போனேன், ஏனென்று தெரியவில்லை. வாசலில் நவநீதண்ணா, "ஒன்னைய வர வேண்டாம்னாங்கல்ல?" என்றார். "ஆமாங்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவரைத் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை.

பந்திக் கூடத்தில் ஒரு மேஜைக்கு மட்டும் துணி விரித்திருந்தார்கள். தேர்வாணையர் நரைத்த தலையும் பருத்திச் சேலையுமாக ஓர் அம்மா. பக்கத்தில் மரகதம் மேடம். வையாபுரி சார் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திணறி, "டீ சொல்லும்மா" என்றார். நான் டீ சொல்லப் போகவில்லை. சுவர் ஓரம் நின்றேன்.

சான்றிதழை வைத்தார்கள். ஸ்கேன் செய்யப்பட்ட எல்லாப் பக்கங்களும் திருத்தப்பட்டன என்று அதில் இருக்கும். தேர்வாணையர் பேனாவைத் திறந்துகொண்டே பொதுவாக, "எல்லாம் சரிதானே? யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார். அது கேட்பதற்காகக் கேட்ட கேள்விதான். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அடிஷனல் ஷீட்டு திருத்துலீங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மரகதம் மேடம்தான் திரும்பினார். "என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு."

சொன்னேன். நூலை அறுத்தது, தனி ஸ்கேனர், உள்ளே ஒரு ஃபோல்டர், என் ஸ்கிரிப்ட், நான் மறைத்த வரி. யார் மறைக்கச் சொன்னார்கள் என்று சொல்லவில்லை, கை என்னுடையது. படங்களெல்லாம் பத்திரமாக அலமாரியில் இருக்கின்றன, டம்மி நம்பரோடு, என்றேன். வகுப்பில் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மரகதம் மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "அடப்பாவி மக்கா" என்றார் மெதுவாக. "அந்தக் கையெழுத்துக்காரிக்கு நான் பெயில் போட்டனே."

வையாபுரி சார் எழுந்துவிட்டார். "மேடம், சின்னப் பொண்ணு, கொழப்பிக்கறா. ஒரு சின்ன டெக்னிக்கல் விசயம். நாங்க ரிசல்ட்டுக்கு அப்பறம் ரிப்போர்ட்டு குடுத்தர்றோம். நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"இருங்க சார்" என்றார் தேர்வாணையர். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. என்னைப் பார்த்தார். கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "நடந்ததச் சொல்லிட்டம்மா. புரிஞ்சுது. திங்கக்கெழமைன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு, பேப்பர்ல போட்டாச்சு. இப்ப என்னை என்ன பண்ணச் சொல்ற?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னால் போதும், மீதியைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் வீட்டிலும் நான் யாரிடமும் இது வேண்டும் என்று கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். விரல் வெளுத்துவிட்டது. வையாபுரி சார் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம்" என்றேன். "ரிசல்ட்ட நிறுத்துங்க. அந்தப் பிள்ளைங்க எழுதுன மிச்சத்தையும் படிச்சுட்டு மார்க்குப் போடுங்க."